கொதியியல்: ஒரு பழைய காரை முன்வைத்து

பாயிரம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கண்ட நம் மரபு, கார் கொதிப்பதற்கு ஒரு நூற்பாவும் செய்யாமல் விட்டது. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம்: சேலம் ஐந்து ரோடு சிக்னல். ஆய்வுப்பொருள்: மூன்றாம் கையாக வாங்கிய சிறு கார். அதன் ஸ்டியரிங்குக்கு அடியில் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. “இது எதுக்குங்க?” என்றார் துணைவியார், வாங்கிய அன்றே. ஏற்காட்டு மூடுபனிக்கான ஃபாக் லாம்ப் என்று விளக்கி, அதை அணைத்து வைத்தோம்.

கொதிவகை

கொதித்தல் மூவகைப்படும். அவையாவன: நின்று கொதித்தல், ஓடிக் கொதித்தல், கிளம்பியதுமே கொதித்தல். சிக்னலில் ஏறிய முள், வண்டி நகர்ந்து காற்றுப் பட்டதும் இறங்கினால் முதல் வகை; ஐயம் ஃபேன் மேல். நெடுஞ்சாலையில் 80-இல் போகையில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் முதலியன. கிளம்பிய சில நிமிடங்களில் ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீரே இல்லை. ஆயில் மூடியின் அடியில் பால் விட்ட டீ நிறம் தெரிந்தால் ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம். அது இவ்வியலில் அடங்காது, நகைக்கடனில் அடங்கும்.

அம்பாசிடருக்கு முதல் வகைச் சிக்கல் குறைவு. என்ஜின் சுற்றினால் பெல்ட் வழியே ஃபேனும் சுற்றும். 1983-இல் வந்த மாருதி 800 போல என்ஜின் குறுக்கே அமர்ந்த கார்களில் ஃபேனுக்குத் தனி மோட்டார். சூடு 90-ஐத் தாண்டியதும் தெர்மோ சுவிட்ச் அதை எழுப்ப வேண்டும்.

முன்னோர் கொள்கை

தெர்மோஸ்டாட் 82 டிகிரி அளவில் திறக்கும் கதவு. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்று அதைப் பிடுங்குவோர் கழற்றியார். கூலன்ட்டை மறுத்துக் குழாய் நீரை ஊற்றித் துரு வளர்ப்போர் பச்சைத்தண்ணியார். தெர்மோ சுவிட்சை நம்பாது, “டைரக்ட்டா குடுத்துரலாம்” என்போர் டைரக்டார். மூவருக்கும் பொதுவானது, என்ன செய்தோம் என்று வண்டிக்காரரிடம் சொல்லாமை.

சோதனை

எம் கார் முதல் வகை: சிக்னலில் முள் ஏறியும் ஃபேன் சுற்றவில்லை. ஃப்யூஸ், நலம். ரிலே, நலம். தெர்மோ சுவிட்சின் பிளக்கை உருவி இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தோம். ஃபேன் சுற்றியிருந்தால் சுவிட்ச் குற்றவாளி. சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேரே கொடுத்தோம், சுற்றியது. மோட்டாரும் நலம். வீட்டில் எல்லாரும் நலம், சோறு மட்டும் வேகவில்லை என்ற நிலை.

இடைக்கால நிவாரணமாக, மே மாதத்தில் ஹீட்டரை முழுதாகத் திறந்து ஓட்டினோம். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டரே. முள் இறங்கியது. துணைவியார் வழியில் இறங்கி ஆட்டோ பிடித்தார்.

முடிபு

மறுநாள் ஃபேன் ஒயரைக் கையால் தடவிப் பின்தொடர்ந்தோம். அது பேட்டரியைக் கடந்து, ரப்பர் துளை வழியே உள்ளே புகுந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் ஃபாக் லாம்ப் சுவிட்சில் முடிந்தது. காரில் ஃபாக் லாம்ப் இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம்.

புறனடை

சுவிட்சைப் போட்டு, துணைவியாருடன் ஐந்து ரோட்டில் நின்றோம். முள் நடுவில் அசையாது நின்றது. அவர் சுவிட்சைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொதித்தலில் நான்காம் வகை ஒன்றும் உண்டு. அதற்கு முள் கிடையாது.