வழுக்கும் தரை குறித்து ஒரு விஞ்ஞாபனம்

தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகத்துத் தலைமைப் பொறியாளர் அவர்கள் சமூகத்துக்கு, வரி செலுத்தும் பிரஜை ஒருவன் வணக்கத்துடன் செய்துகொள்ளும் விஞ்ஞாபனம்.

தங்கள் கழகம் கட்டிக் கொடுக்கும் காவல் நிலையங்களில் ஏனைய அறைகளைப் பற்றி எனக்கு யாதொரு குறையும் இல்லை. கழிவறை ஒன்றே என் விசாரத்துக்குக் காரணம். முந்தின நாள் சுவரேறிக் குதித்து ஓடும் தேகபலம் படைத்திருந்த வாலிபன், மறுநாள் அந்த அறைக்குள் அடியெடுத்து வைத்த மாத்திரத்தில் வழுக்கி விழுந்து, கையிலும் காலிலும் மாவுக்கட்டுடன் பத்திரிகைப் புகைப்படத்துக்குக் காட்சி தருவதை நம் ஜனங்கள் பார்த்துப் பார்த்து, அதை வேடிக்கையாகவும், சிற்சிலர் நியாயமாகவுமே கருதும் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அதே தரையில் வருஷக்கணக்காக நடமாடும் ஏட்டையாவோ இன்ஸ்பெக்டரோ ஒரு நாளாவது சறுக்கி விழுந்து மாவுக்கட்டுடன் நின்றதுண்டா? குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் விழும்படியாகவா அங்கே தரை அமைந்திருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025 மே மாதத்தில் சந்தேகம் கிளப்பியது. ஆளறிந்து வழுக்கும் தரையை நிர்மாணிக்கும் வித்தை வேறெந்தத் தேசத்துப் பொறியியல் சாஸ்திரத்துக்கும் கைவந்ததாகத் தெரியவில்லை.

இதன் அருமை விளங்க வேண்டுமானால் முற்காலத்தவர் பட்ட சிரமத்தை நினைக்க வேண்டும். சென்னை ராஜதானியின் சித்திரவதைப் புகார்களை 1855இல் ஆராய்ந்த கமிஷன், விரல்களை நசுக்கும் கிட்டியைப் பற்றியும், ஆளைக் குனிய வைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாளைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறது. பாவம், டைல்ஸ் பதியாத மண்தரைக் காலம். எல்லாவற்றையும் மனிதர்களே கைப்படச் செய்ய வேண்டியிருந்தது, ஆகவே பழியும் மனிதர்கள் பேரிலேயே விழுந்தது. இன்று செய்தவர் என்று எவருமில்லை, தரை இருக்கிறது.

அதுவும் கழிவறைத் தரைதான் என்றில்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்டு, காவலிலிருந்து வீடு திரும்பாமலே இறந்துபோன தந்தையும் மகனும், தாமே தரையில் புரண்டு உள்காயம் தேடிக்கொண்டதாகத்தான் முதல் தகவல் அறிக்கை சொல்லிற்று. உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மாஜிஸ்டிரேட் அங்கே போய்ப் பார்த்தபோது, காமிராப் பதிவுகளைச் சேமிக்கப் போதிய இடமிருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி ஏற்பாடாகியிருந்தது. (நித்திய கர்மங்களில் இவ்வளவு சிரத்தையை இக்காலத்தில் வைதிகர்களிடம்கூடக் காண்பது அபூர்வம்.) அவ்வருஷம் டிசம்பரில், நிலையம் முழுவதும் காமிரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, கழிவறைக்கு மட்டும் வெளியே வைத்தால் போதும் என்றது. மானத்துக்காக விட்ட இடமும் எலும்புக்கு ஆபத்தான இடமும் ஒன்றேயாக அமைந்தது துரதிர்ஷ்டம்.

புகாரைத் தங்களிடம் ஏன் கொண்டுவருகிறேன் என்று கேட்பீர்கள். ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் புகார் ஆணையம் வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் பணித்திருக்க, நம் மாநிலமோ 2013இல் சட்டம் இயற்றி, உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் காவல்துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராகவும் வைத்துக்கொண்டது. மாமியார் மேல் மருமகள் கொடுத்த பிராதை மாமியாரும் நாத்தனாரும் கூடி விசாரிக்கும் அந்தச் சபைக்குப் போவதைவிட, சிமெண்டும் மணலும் அறிந்த தங்களிடம் வருவதே விவேகம் என்று பட்டது.

ஆகையால், எல்லா நிலையங்களிலும் சொரசொரப்பான டைல்ஸ் பதிக்க ஒரு மதிப்பீடு தயாரிக்கும்படி பிரார்த்திக்கிறேன். அதற்குப் பணமில்லையென்றால், கழிவறை வாசற்காமிராவுக்கு அந்த 18 மாத ஞாபகசக்தியை உண்டாக்கிக் கொடுத்தாலும் போதும். விழுந்தவர் உள்ளே தனியாகப் போனாரா, எத்தனை பேர் துணைக்குப் போனார்கள், துணைக்குப் போனவர்கள் மட்டும் எப்படி நிமிர்ந்த நடையோடு திரும்பினார்கள் என்பவற்றை அது காட்டுமல்லவா?

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஒரு பிரஜை