கம்பியிலும் முடிச்சு உண்டு

கேள்வி: ஏரியில் மீன்பாடு குறைந்துவிட்டது. பத்தாவது முடித்த தம்பியைக் கொத்தனாரிடம் கையாளாக அனுப்பலாமா?
– வாசகர், லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு

பதில்: அனுப்பினால் முதுகு தொழில் கற்கும், கை கற்காது! முதலில் ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்த்துவிடுங்கள். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர் ஓராண்டு, எலக்ட்ரீஷியன் இரண்டாண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு, மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதாருடன் ஆன்லைனில் விண்ணப்பியுங்கள்.

அடுத்தது அப்ரண்டிஸ், அதாவது நிறுவனத்திலேயே தொழிற்பயிற்சி. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும். மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் பதிந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் மாதாமாதம் உதவித்தொகை. முடிவில் தேர்வு, தேசியச் சான்றிதழ். ஒப்பந்தம் இல்லாமல் "சும்மா வந்து கத்துக்கோ" என்பவரிடம் தம்பியை விடாதீர்கள்.

கட்டட வேலையில் கம்பி கட்டுவதையும் யோசியுங்கள். இரண்டு கம்பி குறுக்கிடும் இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியால் ஒரு முறுக்கு. வலை முடிந்த விரலுக்கு அது சீக்கிரம் பிடிபடும். தங்கை இருந்தால் அவரையும் சேர்த்துவிடுங்கள், ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது உச்சவரம்பே கிடையாது, அம்மாகூடச் சேரலாம்!