மாப்பிள்ளைக்கு மட்டும் குடை

வாங்க பேராண்டி, வாங்க. கொழும்புக் கடையில வேலை, கையில பெரிய போனு, முதுகுல என் காம்பராவை விடப் பெரிய பேக்கு. அந்தப் பேக்குக்குள்ள மழையில நனையாத நெருப்புக்குச்சி ஒரு போத்தல் இருக்குன்னு ஒங்க ஆத்தா லயம் முழுக்கச் சொல்லிட்டா. ஜூன் மாசத்துல சிநேகிதங்களோட நல்லதண்ணிப் பக்கம் மேமலையில கூடாரம் போட்டு ராத்தங்கப் போறீங்களாம்.

சந்தோசம். புத்தி கம்மியான நாங்கல்லாம் டிசம்பர் பௌர்ணமியில இருந்து மே மாசம் வெசாக் வரைக்கும்தான் அந்தப் பக்கம் போவோம். அப்ப சிவனொளிபாத மலைப் படி நெடுக லைட்டு இருக்கும், சாயத்தண்ணிக் கடை இருக்கும், நெருப்புக்குச்சிக்கு வேலையே இருக்காது. நீங்க லைட்டை அணைச்சு, கடையைக் கழட்டி, மழை எறங்கின பொறகு போறீங்க. கூட்டம் இருக்காதுன்னு சொல்றே. இருக்காதுதான். அட்டை மட்டுந்தான் இருக்கும். அதைச் சுட்டு எடுக்கிறேன்னு இந்த ஒசத்தியான குச்சியை வீணாக்கிடாதே. சுட்டா அது குடிச்சதைக் காயத்துக்குள்ளயே கக்கிட்டு விழும். நகத்தை அடியில விட்டு நெம்பி எடுத்துரு, போதும்.

எங்க, போத்தலைக் குடு பாப்போம். ஆகா, தலைக்கு நல்லா மினுமினுன்னு பூச்சு பூசியிருக்கான். பூசத்தான் வேணும். குச்சித் தலையில இருக்கிறது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இன்னும் சிலதும். எல்லாத்தையும் புடிச்சு வச்சிருக்கிறது பசை. பசைக்கு ஈரம்னா கொள்ளை ஆசை, ஊறிப் போயிரும். அதுக்குத்தான் மேல ஒரு பூச்சு. சரி, ஒரசுற பட்டை எங்க? மூடிக்கு உள்ளே, தாள்ல ஒட்டி வச்சிருக்கானே, இதுவா? இதுக்கு என்ன பூசியிருக்கான்? ஒண்ணும் பூசலியா?

அங்கதான் பேராண்டி கத இருக்கு. 1844ல சுவீடன்காரர் ஒருத்தரு, பாஷ்னு பேரு, குச்சித் தலையில இருந்த பொஸ்பரசை எடுத்து, அதுலயே நஞ்சில்லாத சிவப்பு வகையாப் பாத்துப் பெட்டிப் பக்கத்துக்கு மாத்தினாரு. அதனாலதான் ஒன் சட்டைப் பைக்குள்ள குச்சி தானாப் பத்தாம இருக்கு. ஆனா அன்னையில இருந்து ரெண்டும் சேந்தாத்தான் நெருப்பு. பட்டை நனைஞ்சா அந்தச் செம்மண் மாதிரிச் சாந்து வழுவழுன்னு உரிஞ்சு குச்சித் தலையில அப்பிக்கும், அவ்வளவுதான். ஒன் கம்பெனிக்காரன் மாப்பிள்ளைக்குக் குடை புடிச்சிட்டுப் பொண்ணை மழையில விட்டுட்டான். தாலி எப்படிக் கட்டுவே?

அதனால வாங்கும்போது குச்சியை அப்பறம் பாரு, பட்டையை மொதல்ல பாரு. அந்த மூடித் துண்டை நம்பாதே. மூணு நாலு சாதா நெருப்புப்பெட்டியோட பக்கத்தை வெட்டித் தனியாப் பொலித்தீன்ல சுத்தி, ஒண்ணை ஒன் பையில, ஒண்ணைச் சிநேகிதன் பையில வை. குச்சி கெடக்கிற போத்தலுக்குள்ள பட்டையைச் சும்மா போட்டுறாதே. நடக்கிற நடையில ரெண்டும் ஒரசிச்சுன்னா குளிர் காய்றது ஒன் பேக்குதான். சில வெளிநாட்டுல கல்லுல ஒரசினாலும் பத்துற குச்சி உண்டு. அதை மட்டும் துபாய் மாமன்கிட்டச் சொல்லி அனுப்பச் சொல்லாதே, பிளேன்ல ஏத்த மாட்டான்.

பூச்சு பூசின குச்சியும் ரெண்டு சாதி. ஒண்ணு, தலைக்கு மட்டும் பூச்சு. பத்தினா நம்ம சாதாக் குச்சி மாதிரிதான், காத்து ஊதினா போயிரும். இன்னொண்ணு புயல் குச்சி. குச்சியில பாதி வரைக்கும் மருந்து தடிப்பா ஏறியிருக்கும். எரியத் தேவையானது மருந்துக்குள்ளேயே இருக்கிறதால பத்தினதைத் தண்ணியில முக்கி எடுத்தாலும் எரியும், பத்துப் பதினஞ்சு செக்கனுக்குக் காத்துக்கு அசையாது. நம்ம மலைக்கு அதுதான் சரி. நீ வாங்கினது மொதல் சாதி. பரவாயில்ல, போத்தல் அழகா இருக்கு.

கடைக்காரன் சொன்னதை அவன்கிட்டயே விட்டுட்டு, ராத்திரி ரெண்டு குச்சியை ஒரு கப்புத் தண்ணியில போட்டு வச்சு, காலையில தொடச்சு ஒரசிப் பாரு. காசு குடுத்து வாங்கினதை வீணாக்குறதான்னு யோசிக்காதே. மலையுச்சியில பத்தாம போனா மொத்தமும் வீண்.

வீட்டுலயே செய்யலாம், நான் சொல்றதைக் கேட்டு ஒங்கம்மா சிரிப்பா. சுடுதண்ணிச் சட்டியில ஒரு தகர டின்னை வச்சு மெழுகுதிரித் துண்டை உருக்கு. அடுப்புல நேராக் காய்ச்சாதே. குச்சியைப் பாதி வரைக்கும் ஒரு முக்கு, ஒடனே எடு. ஒரசும் முன்னாடித் தலையில இருக்கிற மெழுகை நகத்தால சொரண்டிரு, இல்லாட்டிப் பட்டையில மெழுகு பூசி அதுவும் வழுக்கும். குச்சிக் கட்டையில ஊறின மெழுகு இன்னுங் கொஞ்சம் கூட எரியும், அது லாபம். தங்கச்சியோட கியூடெக்சையும் தலையில பூசலாம். அடுப்புப் பக்கம் வச்சுப் பூசாதே, அவகிட்டக் கேட்டுட்டுப் பூசு. ரெண்டுல எது பெரிய ஆபத்துன்னு ஒனக்கே தெரியும்.

நெருப்புப்பெட்டித் தொழில் 1923ல சிவகாசியில தொடங்கினதுக்குக் காரணம் அங்க மழை இல்லாததுதான்னு சொல்வாங்க. நாம இருக்கிறதோ வட்டவளைக்குப் பக்கத்துல, வருசத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற எடம். மழை மாசத்துல கடைப் பெட்டியே பாதி ஊறித்தான் வீட்டுக்கு வருது. அதனாலதான் ஒங்க பாட்டி பெட்டியை அடுப்புக்கு மேல பரண்ல வச்சா, ஈரக் குச்சியை எண்ணெய் வைக்காத காஞ்ச தலைமயிருல தேச்சு ஒரசினா. ஒனக்கு அந்த வித்தை உதவாது. ஜெல் பூசியிருக்கியே.

லைட்டர் இருக்கு தாத்தான்னு சொல்ற சிநேகிதனுக்கும் ஒரு வார்த்தை. குளிர்ல கேஸ் எழும்பாது, கல்லு நனைஞ்சா பொறி வராது. கக்கத்துல வச்சுச் சூடாக்கி, சக்கரத்தை ஊதிக் காய வச்சா வேலை செய்யும். குச்சியோட அதுவும் இருக்கட்டும்.

இப்ப ஒண்ணு கேக்கிறேன். குச்சி பத்திருச்சு. எதுல வைப்பே? ஈர வெறகுலயா? பதினஞ்சு செக்கன்ல முடிஞ்சிரும், படம் புடிக்கக்கூட நேரம் பத்தாது. இங்க பொறந்தவன் ஒவ்வொருத்தனும் கவ்வாத்து வெட்டின மிலாறைக் கட்டிச் சொமந்து வந்து கூரைக்குக் கீழ அடுக்கினவன் பேரன்தான். மழைக்கு முன்னாடி அடுக்கினவன் வீட்டுலதான் ஜூலையில சாயத்தண்ணி கொதிக்கும். மலையிலயும் அதே கணக்கு. தரையில கெடக்கிறதைத் தொடாதே. மரத்துலயே காஞ்சு தொங்குற சுள்ளியை ஒடி, டக்குன்னு முறிஞ்சாத்தான் எடு. கொஞ்சம் பெரிய கொம்புன்னா கத்தியால பொள, உள்ள காஞ்சிருக்கும். பைன் மரத்துல வடிஞ்சு காஞ்ச பிசின் இருந்தா தங்கம், டர்பன்டைன் மரத்துக் காஞ்ச பட்டையும் சுருக்குன்னு புடிக்கும். சைக்கிள் டியூப்புல ஒரு சாண் வெட்டி எடுத்துக்க. நாறும், கரும்பொகை வரும், நனைஞ்சாலும் எரியும். ஈரத் தரையில நாலு கட்டையைப் பரப்பி அதுக்கு மேல அடுக்கு.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. ஒங்க கம்பெனிக்காரனுக்குத் தெரியாது, நம்ம மாரியம்மனுக்குத் தெரியும். கற்பூரம். தண்ணியில கரையாது, மெதக்கும், மெதந்துகிட்டே எரியும். சுள்ளிக்கு அடியில ரெண்டு கட்டி வச்சுப் பாரு. இறுக்கி மூடி வை, தெறந்து வச்சா காத்துல கரைஞ்சு காணாமப் போயிரும். கோயில்ல எடுக்காதே, ஹட்டன் கடையில பாக்கெட்டு கெடைக்கும்.

அடுக்கி முடிச்ச பொறகுதான் குச்சியை எடுக்கணும். காத்துக்கு முதுகைக் காட்டி ஒக்காரு, ரெண்டு கையையும் குவிச்சுக்க, ஒன் மூஞ்சிக்கு எதிர்ப்பக்கமா ஒரசு. தலையைக் கொஞ்சம் கீழ சாய்ச்சா நெருப்பு கட்டையில ஏறும். அடியில இருந்து வை. செல்பி அப்பறம்.

கூடாரத்துக்குள்ள கரிச்சட்டி வச்சுக் குளிர் காயலாம்னு எவனாவது சொன்னா அவனை வெளியே படுக்கப் போடு. மூடின எடத்துல கரி எரிஞ்சா மணம் இல்லாத நஞ்சு வரும், தூக்கத்துலயே முடிச்சிரும். தோட்டத்து எல்லைக்கு மேல காட்டுல நெருப்பு வைக்காதே. 2010ல உலக மரபுரிமைன்னு எழுதி வச்ச காடு அது. ஹோட்டன் சமவெளிக்குப் போனா நெருப்புப் பேச்சே கூடாது; வாசல்லயே பேக்கைத் தெறந்து பாப்பாங்க. பெப்ரவரியில வந்தாலும் குச்சியை வீட்டுலயே வச்சிட்டு வா. பனியில கருகி நிக்கிற மானாப்புல்லுக்கு எந்தப் பூச்சும் வேணாம், பாதிக் குச்சி போதும், மலையே போயிரும்.

இம்புட்டும் சொல்லிட்டேன், நீ தலையாட்டிட்டே. தலையாட்டுற வேகத்தைப் பாத்தா பட்டையை மறப்பேன்னு தோணுது. துரைகிட்ட அனுமதி கேட்டுட்டு, எந்த நம்பர் மலைக்கு மேல தங்குறீங்கன்னு லயத்துல சொல்லிட்டுப் போ. ஞாயித்துக்கெழம வாலிபப் பயலுக எல்லாம் கிரிக்கெட்டுக்குப் போயிருவானுக. ஒன்னைத் தேடி வரப்போறது நானும் என் வயசுக்காரங்களும்தான், எல்லாருக்கும் முழங்கால் வலி. அதனால தொலையறதா இருந்தா காலையிலயே தொலை. பகல் சாப்பாட்டுக்குள்ள கண்டுபுடிச்சிருவோம்.