பாலத்தில் நின்றவர்கள்

கேள்வி: போரில் இறந்த வீரரின் பெயரைச் சாலைக்கு வைக்கிறார்களே, செத்தவருக்கா தெரியப்போகிறது?

பதில்: தெரியாதுதான். திவசம் கொடுப்பதுகூட அப்படித்தானே, விட்டுவிட்டோமா? கனடாவில் சாலையின் பெயர்ப் பலகைக்கு முன்பே மக்கள் வந்துவிட்டார்கள். ஆப்கானிஸ்தானில் மாண்ட வீரர்களின் உடல்கள் ட்ரென்டன் விமானப்படைத் தளத்தில் இறங்கி, 401ஆம் நெடுஞ்சாலை வழியே டொராண்டோ போயின. வழியிலுள்ள மேம்பாலங்களில் எல்லாம் கையில் கொடியோடு கூட்டம். லாரியும் இல்லை, பிரியாணிப் பொட்டலமும் இல்லை. தானாக வந்த கூட்டம்! அதைப் பார்த்துத்தான் ஒன்டாரியோ அரசு 2007இல் அந்தச் சுமார் 170 கி.மீ. தூரத்துக்கு 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று பெயர் சூட்டியது. பலகை நட்டது அரசு. பெயர் வைத்தது பாலத்தில் கால்கடுக்க நின்றவர்கள்.