‘பெரியவங்க மட்டும்’: ஒரு தீவுப் பயணச் செய்தியின் செம்பதிப்புக்கு முன்னுரையின் முன்னுரை

புணே நகரின் வாகட் பகுதியில் ஒரே அடுக்ககத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் 2026 ஜனவரி முதல் வாரம், இரவு பதினொரு மணிக்கு மேல், ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘ஜனவரி 24, 25, 26 லீவு. ஏதாவது தீவுக்குப் போலாமா? பெரியவங்க மட்டும்.’ எண்களையும் சேர்த்துப் பத்துச் சொற்கள். இதற்கு இன்றுவரை முறையான பதிப்பு இல்லை என்பது தமிழாய்வுக்கு நேர்ந்த இழுக்கு. குழுவினர் ஊருக்குக் கிளம்புவதிலேயே குறியாக இருந்துவிட்டார்கள். பாடத்தை நிறுவும் வேலையை யாரும் தொடவில்லை. அக்குறையைப் போக்க இக்கட்டுரையாசிரியர் முன்வந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. ஆய்வுலகில் அது ஒரு தடையே அல்ல.

களம் புணேயாக அமைந்தது நல்லூழ். இந்த ஊரின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம்தான் 1919-இல் மகாபாரதச் செம்பதிப்பைத் தொடங்கி 1966-இல் முடித்தது. 1,259 சுவடிகள் ஒப்பிடப்பட்டன; 19 தொகுதிகள் வந்தன. தொன்மையான பிரதிகளில் காணாதவை எல்லாம் கருணையின்றிப் பின்னிணைப்புக்குப் போயின. அப்படிப் போனவர்களில் பிள்ளையாரும் ஒருவர். வியாசர் சொல்லச் சொல்ல அவர் எழுதிய கதை இடைச்செருகல் என்று தீர்ப்பாயிற்று. தெருவுக்குத் தெரு கணபதிப் பந்தல் போடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இங்கும் அதே நெறிதான். தினமும் காலை ஆறு மணிக்குக் குழுவில் வந்து விழும் ‘இனிய காலை வணக்கம்’ பிள்ளையார் படங்கள் அனைத்தும் இடைச்செருகல் எனக் கண்டு நீக்கப்பட்டன. அனுப்பிவந்த மாமா இப்போது லிஃப்டில் இக்கட்டுரையாசிரியரைப் பார்த்தால் மாடிப்படியில் இறங்குகிறார்.

கிடைத்த பிரதிகள் மூன்று. ‘அ’ என்பது குழுவில் உள்ள மூலம். ‘ஆ’ என்பது மதுரையில் இருக்கும் தங்கைக்கு அனுப்பப்பட்டு, அங்கே சில கைகள் மாறித் திரும்பி வந்தது. மகாபாரதத்தில் வடபாடத்தைவிடத் தென்பாடம் பருத்தது என்பார்கள். ‘ஆ’ அந்த மரபைக் காப்பாற்றுகிறது: ‘புளியோதரை கட்டிக்கவும்’, ‘கடல்ல இறங்க வேண்டாம்’, ‘போற வழியில சித்தப்பா வீட்ல ஒரு எட்டுப் பாத்துட்டு வரவும்’ என மூன்று அடிகள் கூடுதல். சித்தப்பா கோயம்புத்தூரில் இருக்கிறார். ‘இ’ குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த தாள். செய்தி எழுதியவரின் மூன்றாம் வகுப்பு மகள் அம்மாவின் போனைப் பார்த்துப் பெயர்த்து எழுதியது. பால் கணக்கின் அடியில் மாட்டிக்கொண்டதால் 25-உம் 26-உம் மறைந்துவிட்டன; தேதியில் வெளியே தெரிந்தது ‘24 லீவு’ மட்டும். இந்தச் சிதைவு பின்னால் விளைத்த விளைவுகளை வாசகர் மறக்க வேண்டாம்.

இனி ‘தீவு’. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பள்ளியில் படித்ததோடு நிறுத்திக்கொண்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். புணேக்குக் கடல் கிடையாது. ஆனால் ஊருக்குள்ளேயே ஒரு தீவு இருந்தது. பேஷ்வாக்கள் வெட்டிய ஏரியின் நடுத்திட்டில், 1784-இல் சவாய் மாதவராவ் நிறுவிய சாரஸ்பாக் பிள்ளையார். மராத்தியில் இன்றும் அவர் ‘தள்யாத்லா கண்பதி’, அதாவது ஏரிக்குள் இருக்கும் கணபதி. ஏரியைத்தான் காணோம், அது பூங்காவாகிப் பல காலம் ஆயிற்று. இதையே தீவாகக் கொள்ளலாம், ஆட்டோவில் போய்வந்துவிடலாம் என்று ஓர் உறுப்பினர் எழுதினார் (அ. 31). அவர் வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருக்கிறார்.

மும்பையே தீவுதான் என்பது இன்னொரு கொள்கை. ஏழு தீவுகள்; போர்த்துக்கல் இளவரசி கேத்தரினுக்கு 1661 திருமண ஒப்பந்தத்தில் சீதனமாகப் பேசப்பட்டு இங்கிலாந்து அரசருக்குப் போனவை; 1668-இல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகையில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தவை. பிறகு இடைக்கடலைத் தூர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். இக்கொள்கையை ஏற்றால், டெக்கான் குவீன் ரயிலில் தினமும் காலை 7.15-க்கு ஏறி மும்பைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் உல்லாசத் தீவுப் பயணிகள் ஆவர். மாதச் சீட்டு வைத்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லி மறுமொழி பெறக் கட்டுரையாசிரியர் முயன்றார். அந்த மறுமொழி அச்சேறத் தக்கதன்று.

அந்தமான்: மூன்று நாளில் ஆகாது.

லட்சத்தீவு: முன்னனுமதி வேண்டும், கேட்டவுடன் குழுவில் அமைதி.

அலிபாக்: தீவே இல்லை. இதை எடுத்துச் சொன்னவருக்கு நான்கு பேர் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார்கள்.

இந்த மூன்றும் ‘அ’, ‘ல’, ‘அ’ என்று போவதைக் கவனிக்க வேண்டும். குழு மூன்று நாள் பேசியும் அகர வரிசையில் முன்னேறவில்லை. இதற்காக அவர்களைக் குறை சொல்வது முறையன்று. புணே டெக்கான் கல்லூரியில் 1948-இல் தொடங்கிய சம்ஸ்கிருதப் பேரகராதி ஏறத்தாழ ஒரு கோடிக் குறிப்புச் சீட்டுகளோடு, முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள் வெளியிட்ட பின்னும், முதல் எழுத்தாகிய ‘அ’வில்தான் இருக்கிறது. அறிஞர்களுக்குப் பொருந்தும் பொறுமை வங்கித் தணிக்கையாளருக்கும் மென்பொருள் சோதனையாளருக்கும் பொருந்தாதா என்ன? இன்னொன்று: அந்த அகராதியில் வேலை செய்கிறவர்கள் ‘எப்போது முடியும்?’ என்று ஒருவரையொருவர் நள்ளிரவில் கேட்டுக்கொள்வதில்லை.

பின்பு ஜஞ்சிரா வந்தது. முருட் கடலோரம், ராஜபுரித் துறையிலிருந்து பாய்மரப் படகில் போக வேண்டிய கோட்டை. ஆப்பிரிக்க வழிவந்த சித்திகள் ஆண்டது. மராட்டியர் எத்தனையோ முறை முட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. பக்கத்திலேயே பத்மதுர்க் என்ற எதிர்க்கோட்டையைக் கட்டியும் பலன் இல்லை. உள்ளே ‘கலால் பாங்டி’ என்ற பெரிய பீரங்கி இன்றும் கடலைப் பார்த்தபடி கிடக்கிறது.

ஜஞ்சிரா என்பது ‘செஞ்சிறை’ என்ற தூய தமிழ்ச் சொல்லின் திரிபு என்று பிள்ளையார் மாமா நிறுவினார் (அ. 58). சிவந்த சிறை, கோட்டைக்கும் பொருந்துகிறது, கடலுக்கு நடுவே இருப்பதால் சிறைக்கும் பொருந்துகிறது. ‘நஞ்சிறை’ என்பாரும் உளர் (ஆ. குரல்பதிவு, 47-ஆம் வினாடி, பின்னணியில் குக்கர் மூன்றாம் விசில்). உண்மையில் அது ‘ஜசீரா’ என்ற அரபுச் சொல். பொருள், தீவு. அல் ஜசீரா தொலைக்காட்சியின் பெயரும் அதுவே. ஆக, ‘ஜஞ்சிராத் தீவு’ என்றால் தீவுத் தீவு. ‘கேட்டுக் கதவு’ மாதிரி. இதைச் சொன்னதும் மாமா, அரபுச் சொல்லே தமிழிலிருந்து போனதுதான் என்றார். அதோடு விவாதம் அறிவியல் எல்லையைக் கடந்துவிட்டது. அவ்வகை நூல்கள் தமிழில் நிறைய விற்கின்றன என்பதால் கட்டுரையாசிரியர் மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

கோட்டைக்குள் இரவு தங்க முடியாது என்பது தெரிந்ததும் ஜஞ்சிரா கைவிடப்பட்டது. தீவுக்குப் போய்விட்டுக் கரையில் வந்து தூங்குவது தீவுப் பயணமாகுமா என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கோரப்பட்டுள்ளது.

இனி ‘பெரியவங்க’. கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

செய்தியை எழுதியவரின் கருத்து வெளிப்படை. மூன்று வீட்டிலும் மொத்தம் ஐந்து குழந்தைகள். அவர்கள் இல்லாமல் மூன்று நாள். ‘மட்டும்’ என்றது என்னை எனின், ‘அம்மா, இவன் என் பக்கம் உக்காந்துட்டான்’ என்ற ஓசை கேளாமை குறித்து என்க. ஆனால் எழுதியவரின் கருத்து வேறு, பாடம் வேறு என்பது இக்காலத்து முதுகலை மாணவருக்கும் தெரியும்.

பெரியவர் யார் என்று சட்டத்தைக் கேட்டால் தலை சுற்றும். இந்திய ரயில்வேக்கு 12 வயதானால் முழுக் கட்டணம். 50 சிசிக்கு மிகாத இருசக்கர வண்டி ஓட்ட 16. வாக்குக்கு முன்பு 21. 61-ஆம் திருத்தத்துக்குப் பின் 18. திருமணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21, ஆக ஆண்கள் பெரியவராக மூன்று வருடம் கூடுதலாகப் பிடிக்கிறது, இதை மனைவியர் யாரும் மறுக்கவில்லை (ஆ. 12, 13, 15, 15-க்கு மூன்று சிரிப்பு உருவங்கள்). மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21, கடும் மதுவுக்கு 25. ஒருவர் மராட்டிய மண்ணில் ஓட்டுப் போட்டு எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கலாம், கல்யாணம் பண்ணிக்கொண்டு பிள்ளையும் பெறலாம். அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஸ்கி குடிக்க இன்னும் சில ஆண்டு காத்திருக்க வேண்டும்.

மேல் எல்லையும் உண்டு. ஆணுக்கு 60, பெண்ணுக்கு 58 ஆனால் ரயிலில் மூத்தோர் சலுகை; அது 2020 மார்ச்சில் கொரோனாவோடு நிறுத்தப்பட்டது, திரும்ப வரவில்லை. இந்தச் சலுகை போனதில் மனம் நொந்தவர்தான் இக்கட்டுரையின் நாயகி.

செய்தி எழுதியவரின் மாமியார் அவர். வயது 71, ஊர் கும்பகோணம். வாட்ஸ்அப்பில் இல்லை. புணேயில் கடை வாசலிலும் வீட்டுச் சுவரிலும் குத்தலாக எழுதி வைக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கு ‘புணேரி பாட்டி’ என்று பெயர். மராத்தியில் ‘பாட்டி’ என்றால் பலகை. ‘மதியம் 1 முதல் 4 வரை மணி அடிக்காதீர்கள், எங்களுக்கும் தூக்கம் வரும்’ என்ற ரகம். இந்த அம்மாள் இரண்டு மொழியிலும் புணேரி பாட்டி.

அவர் படித்தது ‘இ’ பிரதியை. ‘24 லீவு. தீவு. பெரியவங்க மட்டும்.’ படித்தார், புரிந்துகொண்டார், அலமாரியிலிருந்து கைப்பையை எடுத்தார். உரைபேதம் எதையும் அவர் பார்க்கவில்லை. 22-ஆம் தேதி பகல், அடுப்படியில் நடந்த உரையாடல் வருமாறு (சான்று: பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கட்டுரையாசிரியர், நம்பகத்தன்மை நடுத்தரம், ஈரக்கை).

“அத்தை, அது உங்களுக்குப் போட்டது இல்ல.”

“பெரியவங்க மட்டும்னுதானே போட்டிருக்கு? இந்த வீட்ல பெரியவ யாரு?”

மருமகளிடம் பதில் இல்லை. தமிழிலும் இல்லை. ‘அடல்ட்ஸ்’ என்பதற்கு ஈடாக நாம் ‘வயது வந்தோர்’ என்று எழுதுகிறோம், யாரும் பேசுவதில்லை. சினிமாத் தணிக்கைச் சான்றிதழிலும் பஞ்சாயத்துப் போர்டிலும் கிடக்கும் சொல். வீட்டில் ‘பெரியவங்க’ என்றால் அது முப்பத்தாறு வயதுக்காரரைக் குறிக்காது. அவர் கால் நீட்டி உட்கார்ந்தால் மடக்கச் சொல்லும் ஆளைத்தான் குறிக்கும். பாட்டியின் பாடமே சரியான பாடம். செம்பதிப்பு அதையே ஏற்கிறது.

‘தீவு’க்கும் அவரே பொருள் கண்டார். முதலில் ராமேஸ்வரம் என்றார். பிறகு ஸ்ரீரங்கம், ‘அரங்கம்’ என்றாலே ஆற்றிடைத் திட்டுதான், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில். இரண்டும் ஒரு நாளில் ஆகாது. “சிவன் இருக்கற தீவு பக்கத்துல எது?” என்று பேத்தியிடம் கேட்டார். கராபுரி என்று பதில் வந்தது. எலிபெண்டா. போர்த்துக்கீசியர் அங்கே கண்ட கல்யானையால் அப்படிப் பெயர் வைத்தார்கள். அந்த யானை இப்போது தீவில் இல்லை, மும்பையில் பாவ் தாஜி லாட் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது. தீவுக்கு மின்சாரம் கடலடிக் கம்பி வழியே 2018-இல்தான் வந்தது. குகைக்குள் மூன்று முகச் சதாசிவம், ஏறத்தாழ 20 அடி.

24-ஆம் தேதி சனிக்கிழமை மூன்று வீட்டு மூத்தவர்களும், இரண்டு பாட்டிகள், ஒரு தாத்தா, முழுக் கட்டணம் கொடுத்து டெக்கான் குவீனில் ஏறினார்கள். புளியோதரை இருந்தது, ‘ஆ’ பிரதி அந்த ஓர் இடத்தில் மூலத்துக்கு நெருக்கமானது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து ஒரு மணி நேரப் படகு. படித்துறையிலிருந்து குட்டி ரயில். அதன்பின் 120 படிக்கட்டு. தாத்தா டோலியில் போனார், பாட்டிகள் நடந்தார்கள். மாலை 5.10-க்கு அதே ரயிலைப் பிடித்து இரவு எட்டரைக்குப் புணே நிலையத்தில் இறங்கினார்கள்.

அன்று முழுவதும் வயதுவந்தோர் ஆறு பேரும் வீட்டில் ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள். இரவு குழுவில், “நாம திங்கட்கிழமை கராபுரி போயிட்டு வந்துடலாமா?” என்று ஒரு செய்தி வந்தது, ஆறு கட்டைவிரல்கள் மேல்நோக்கி. 26-ஆம் தேதி காலை கேட்வே வரை போய்த் திரும்பினார்கள்.

கராபுரிக் குகைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும். குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.