பத்தா, பதினைந்தா?

கேள்வி: பேஸ் கிட்டாரை நான் வாசிப்பதில்லை, அடிப்பேன். 10 அங்குல ஸ்பீக்கர் 4 உள்ள கேபினெட் வாங்கலாமா, 15 அங்குலம் ஒன்றே போதுமா?
– ஒரு வாசகர், சாலை, திருவனந்தபுரம்

பதில்: அடிக்கிற கைக்கு 4 பத்துதான். பரப்பைக் கணக்கிட்டால் ஒரு பதினைந்தைவிட முக்கால் மடங்கு அதிகம் வரும். அதே சத்தத்துக்குக் கூம்பு குறைவாக அசைந்தால் போதும். உங்கள் குத்துகளுக்குக் கிழிந்த குரலில் அழாது. ‘சின்ன ஸ்பீக்கர்தான் சார் வேகம்’ என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அது கட்டுக்கதை.

1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்விடி ஆம்பைக் கொண்டுவந்தபோது கூடவே வைத்தது, 10 அங்குலம் 8 கொண்ட மூடிய பெட்டிகளை. ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். மூடிய பெட்டி அதைக் கொஞ்சம் விழுங்கி, மேல் சுரங்களை முன்னே தள்ளும். நீங்கள் தேடும் உறுமல் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த எட்டுக்காரப் பெட்டி 60 கிலோவைத் தாண்டும். சாலைக் கடைத்தெருவின் நெரிசலில் இறக்க ஆள் வேண்டும். நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு ஒழித்துவிட்டதால், வேடிக்கை பார்ப்பவருக்குத் தரும் காசாவது மிச்சம்.

பின்னால் ஆசை பெருகி இன்னொரு பெட்டி சேர்த்தால், 8 ஓம் இரண்டு இணைந்து 4 ஓம் ஆகும். ஆம்ப் அதற்குக் கீழே தாங்காது என்று எழுதியிருந்தால் மூன்றாவது வேண்டாம். முதலில் புகை வரும், பிறகுதான் பாட்டு நிற்கும்.