துணை ரவுட்டரின் பதவியேற்பு

ஒரு ரவுட்டர் படுத்துவிட்டால் இன்னொன்று எழுந்து வேலை பார்க்க, 1998-இல் வந்த ஏற்பாடு விஆர்ஆர்பி. இதை நம் கட்சிகளுக்குப் பாடமாகவே வைக்கலாம்.

தலைமை ரவுட்டர் நொடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். மூன்று நொடிக்குச் சற்று மேல் சத்தமே இல்லையென்றால், அடுத்த முன்னுரிமை எண்காரர் நாற்காலியில் அமர்ந்துவிடுவார். பொதுக்குழு கிடையாது, சொகுசு விடுதி கிடையாது. கேட்வே முகவரி மாறாததால், ஆள் மாறியதே கணினிகளுக்குத் தெரியாது. தானாக விலகும் தலைவர் ‘முன்னுரிமை 0’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். உடல்நிலையைக்கூடக் காரணம் காட்டுவதில்லை.

ஆனால் அரசியல் இங்கேயும் உண்டு. தலைவருக்கும் துணை ரவுட்டருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தால், இருவருமே தலைவர்கள். வெளியே போகும் லைன் செத்துக் கிடந்தாலும், அதைக் கண்காணிக்கச் சொல்லி வைக்காவிட்டால், தலைவர் உள்ளூரில் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று முழங்கிக்கொண்டே இருப்பார். துணை ரவுட்டரும் பவ்யமாகக் கைகட்டி நிற்பார்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு மேலிடம் சிக்கனம் பார்க்கும். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே யூபிஎஸ். இரண்டு நிறுவனங்களிடம் வாங்கிய இரண்டு ஃபைபருக்கும் தெருவில் ஒரே பள்ளம். விஆர்ஆர்பியில் மிக உயர்ந்த முன்னுரிமை 255. அது ஜேசிபிக்கு ஒதுக்கப்பட்டது.